கூந்தப்பனைப் பழத்த வெறுங்கையில தொடாதீங்க டீச்சர்

போன மாசம் பொள்ளாச்சியில ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். காடும் இளைஞர்களும்னு என்னமோ தலைப்பு. ஸ்கூல்ல தேசிய பசுமைப் படைக்கு நான் தான் பொறுப்புங்கறதால எனக்கும் அழைப்பு வந்துச்சு. மேடையில ஒரு பெரியவர் பேசினாரு, உண்மையிலேயே நல்ல மனுஷன், முப்பது வருஷமா கைக்காசு போட்டு மரம் நட்டுட்டு இருக்கறவரு. அவரு பேச்சோட நடுவுல, இந்தக் காலத்துப் பசங்களுக்கு செல்போனத் தவிர ஒண்ணும் தெரியறதில்ல, காடு மேல அக்கறையே கிடையாது, அவங்கள எப்படி உள்ள கொண்டு வர்றதுன்னே புரியலன்னு ரொம்ப வருத்தப்பட்டு சொன்னாரு. ஹால் முழுக்க கைதட்டினாங்க, நானும் தட்டினேன். சாயங்காலம் வால்பாறை பஸ்ல ஏறி உக்காந்த பிறகு தான் அந்தக் கைதட்டல் என்னைய உறுத்த ஆரம்பிச்சுது. ஆழியாறு தாண்டி ஒம்பதாவது வளைவுல வரையாடு நிக்குதுன்னு பஸ்ல எல்லாரும் எட்டிப் பாத்தாங்க, நான் பாக்கக் கூட இல்ல. நாப்பது வளைவும் ஏறி முடியற வரைக்கும் ஒரே ஒரு பையனோட முகம் தான் மனசுல ஓடிட்டே இருந்துச்சு. அவன் இப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன்ல நிக்கறான். அவன மாதிரி காட்டப் பத்தித் தெரிஞ்சவங்கள நான் ரொம்பப் பேரப் பாத்ததில்ல. அவனுக்கு அக்கறை இல்லன்னு தான நானும் சேந்து கை தட்டிட்டு வந்திருக்கேன்?

அவனப் பத்தி எழுதணும்னு அன்னைக்கே நெனச்சேன், ஒரு மாசமாச்சு. பேரு வேண்டாம். எஸ்டேட் தொழிலாளருங்க வீடு வரிசையா இருக்கற லைன்ல எல்லாரும் குட்டின்னு தான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே எழுதறேன்.

ஜூன் 5 குழி

நானும் எஸ்டேட்ல பொறந்தவ தான். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து, தோட்டத்துக்கு ஆள் சேக்கற கங்காணி கூட மலையேறினவரு, அம்மா இலை பறிச்சு தான் என்னைய பி.எட் வரைக்கும் படிக்க வச்சாங்க. அதனால காட்டப் பத்தி எனக்குத் தெரியும்ங்கற நெனப்பு எனக்கு எப்பவும் உண்டு. பசுமைப் படைப் பொறுப்பு கைக்கு வந்ததும் எல்லாரும் பண்றத தான் நானும் பண்ணேன். ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம் வந்தா பேனர், ஊர்வலம், உறுதிமொழி, நாலு கன்னு, ஒரு குரூப் போட்டோ. ஒரு வருஷம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்து அம்பது கன்னு குடுத்து, பசங்களுக்கு டீசர்ட்டும் தொப்பியும் குடுத்து, மத்தியானம் பிரியாணி போட்டுட்டுப் போனாங்க. கன்னுல பாதி புங்கன், மீதி வேம்பு. வருஷத்துல பாதி நாளு மழையும் மூடுபனியுமா இருக்கற ஊருக்கு வேம்பு. அன்னைக்கு எனக்கு அது தப்பாவே தோணலங்கறது தான் இப்ப வலிக்குது. இன்னொரு வருஷம் விதைப்பந்து. ஆயிரம் உருண்டை உருட்டினோம், பசங்க கையெல்லாம் சேறு, ரொம்ப சந்தோஷம். அத ரோட்டோரமா வீசினோம். அதுல ஒண்ணு கூட முளைச்சு நான் பாக்கல.

மழைக்காட்டு விதை நெறைய காஞ்சா செத்துரும்னு பின்னாடி தான் எனக்குத் தெரிய வந்துச்சு. நெல்லு மாதிரி, துவரை மாதிரி டப்பாவுல போட்டு அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்க முடியாது. இங்கத்த காட்டு மரமான வெடிப்பலாவோட பழம் கீழ விழுந்து வெடிச்சா, சில நாளுக்குள்ள ஈர மண்ணுக்குள்ள போயிடணும். அத மண்ணுல உருட்டி, வெயில்ல காய வச்சு, ஒரு மாசம் கழிச்சு மேடை போட்டு வீசினா எப்படி முளைக்கும்? இங்க மலை மேலயே, 2000-த்த ஒட்டி ஆரம்பிச்சு, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்ங்கற காட்டுயிர் அமைப்புக்காரங்க எஸ்டேட்டுங்களோட சேந்து தேயிலைக்கு நடுவுல துண்டு துண்டா மிஞ்சின சோலைங்கள திரும்ப காடாக்கற வேலையப் பண்ணிட்டு இருக்காங்க. ரோட்டோரம் விழுந்து வீணாப் போற காட்டு விதையப் பொறுக்கி, நர்சரியில நெழல் வலைக்கு அடியில வளத்து, கன்னு தாங்கற அளவுக்கு வந்த பிறகு மழை சீசன்ல நடறாங்க. நட்டதோட விட்டுர்றதில்ல. உண்ணிச்செடி மறுபடி ஏறி மூடிறாம வருஷக்கணக்குல களை எடுக்கறாங்க. காட்ட மீட்கறதுல மரம் நடறது சின்னப் பங்கு தான், திரும்பத் திரும்ப அதே எடத்துக்குப் போயி நிக்கறது தான் பெரும்பங்கு. அக்காமலைப் பக்கம் புல்மலையில போயி யாராவது மரம் நட்டா அது கெடுதல் தான், அது இயற்கையாவே புல்வெளி, அங்க வெளிநாட்டுல இருந்து வந்து பரவின சீகை மரத்தப் (வாட்டில்) பிடுங்கி எடுக்கறது தான் நல்லது. பசுமை தமிழ்நாடு இயக்கம் 2022-ல வந்தப்போ 33 சதவீதம் பசுமைன்னு இலக்கு வச்சாங்க. நல்ல விஷயம், நான் குறை சொல்லல. ஆனா எங்க பசங்க மனசுல அது எத்தன கன்னு நட்டோம்ங்கற கணக்கா மட்டும் பதிஞ்சு போச்சு, அப்படிப் பதிய வச்சதுல எனக்கும் பங்கு இருக்கு.

அந்த அம்பது கன்ன ஒரு வருஷம் கழிச்சு எண்ணிப் பாக்கலாம்னு எட்டாம் வகுப்புப் பசங்களக் கூட்டிட்டுப் போனேன். ஏழு இருந்துச்சு. அந்த ஏழும் இலை கருகி, முட்டிக்கால் உயரம் கூட இல்ல. பசங்க யாருமே ஒண்ணும் பேசல. திரும்பி வர்றப்போ ஒரு பொண்ணு மட்டும், டீச்சர் இந்த வருஷமும் இதே குழியில தான் வைப்போமான்னு கேட்டா. ஜார்கண்ட்ல இருந்து தேயிலை வேலைக்கு வந்த குடும்பம், தமிழ் கத்துக்கிட்டு ஒன்றரை வருஷம் கூட ஆகாத பொண்ணு அவ. கேலியா எல்லாம் கேக்கல, நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு தான் கேட்டா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

கை அரிச்ச நாள்

சரி, நாமளே ஒரு சின்ன நர்சரி போடுவோம், காட்டு விதையா பொறுக்குவோம்னு முடிவு பண்ணி, எஸ்டேட் ஆபீஸ்ல சொல்லிட்டு, மழை ஓஞ்ச ஒரு சனிக்கிழமை பதினாலு பசங்களோட சோலை ஓரத்து ரோட்டுல நடந்தோம். காட்டுக்குள்ள கால் வைக்கல, ரோட்டுல விழுந்தத மட்டும் தான் எடுக்கணும்னு பேச்சு. குட்டியும் வந்திருந்தான். கடைசி பெஞ்சு, கேட்டா தான் பதில் சொல்லுவான், அதுவும் ஒரு வார்த்தையில. சயின்ஸ்ல முப்பது மார்க் தாண்டினதில்ல. உண்மையச் சொன்னா, சனிக்கிழமை வீட்டுல இருந்தா தண்ணி தூக்கணும்னு தான் வந்திருக்கான்னு நான் நெனச்சேன்.

ஒரு வளைவுல கூந்தப்பனை ஒண்ணு, அதோட பழக்குலை அவுத்து விட்ட சடை மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு, பாதி கீழ விழுந்து கெடந்துச்சு. செவந்த செவந்த உருண்டைப் பழம், கோலி குண்டு சைஸ். எனக்கு ஒரே சந்தோஷம். பசங்களுக்கு செஞ்சு காட்டணும்னு குனிஞ்சு ரெண்டு கையாலயும் அள்ளி, சதைய நசுக்கி, கொட்டைய மட்டும் பிதுக்கி எடுத்து பையில போட ஆரம்பிச்சுட்டேன். ஒரு அம்பது பழம் பிதுக்கியிருப்பேன். முதல்ல விரல் இடுக்குல ஊசி குத்தற மாதிரி இருந்துச்சு, அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் தெரியாம தொட்ட கழுத்து. பத்து நிமிஷத்துல ரெண்டு கையும் தடிச்சு செவந்து, அரிப்பு தாங்க முடியாம கண்ணுல தண்ணி வந்துருச்சு. பசங்க பயந்துட்டாங்க. கருணைக்கிழங்கு அரிக்குமே, அதே சங்கதி தான், பழச் சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகம், கால்சியம் ஆக்சலேட். ஒம்பதாம் வகுப்புல நானே பாடம் நடத்தற பேரு தான், ஆனா அது என் கைய வந்து தொட்டது அன்னைக்குத் தான். குட்டி தான் கிட்ட வந்து, கழுத்தத் தொடாதீங்க டீச்சர்னு என் கையப் பிடிச்சு நிறுத்தி, பக்கத்துல இருக்கற அவங்க லைனுக்குக் கூட்டிட்டுப் போனான். அவங்க பாட்டி ஒரு சட்டியில புளியக் கரைச்சு, கைய முக்கி வச்சு, அப்புறம் தேங்காண்ணெய் தடவி விட்டாங்க.

திண்ணையில கைய நீட்டி உக்காந்திருக்கறப்போ அவனே பேச ஆரம்பிச்சான். ஏன்டா முன்னாடியே சொல்லலன்னு கேட்டேன். நீங்க டீச்சர், உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்னு சொன்னான். அப்புறம், கூந்தப்பனைக் கொட்டை வேணும்னா பழத்துல இருந்து எடுக்கவே கூடாது டீச்சர், வாங்க காட்டறேன்னு லைனுக்குப் பின்னாடி ஒரு பாறைக்குக் கூட்டிட்டுப் போனான். தட்டையான பாறை, அது மேல நாலஞ்சு எடத்துல மரநாய் பீ, காஞ்சும் காயாமயும். அதுல முழுக்க கூந்தப்பனைக் கொட்டை, சுத்தமா, சதையே ஒட்டாம, கறுப்பா பளபளன்னு. மரநாய் சதையத் தின்னுட்டு கொட்டையக் கழுவி வச்சிருக்கும் டீச்சர், குச்சியில தள்ளி எடுத்தா அரிக்காதுன்னான். எப்பருந்துடா தெரியும்னு கேட்டதுக்கு, சின்ன வயசுல இருந்து இத வச்சு தான் கோலி விளையாடுவோம்னான். அந்தப் பாறைக்கு மரநாய் எந்த மாசம் நெறைய வரும், எந்த மாசம் அதோட பீயில காப்பிக்கொட்டை இருக்கும், எப்ப நாவல் இருக்கும், எல்லாத்தையும் கைவிரல்ல எண்ணிச் சொன்னான். மரநாய்ங்க பழம் தின்னு காட்டு விதையப் பரப்பறதப் பத்தி மேற்குத் தொடர்ச்சி மலையில பல வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அந்த ஆராய்ச்சிக்காரங்க காட்டுல அலைஞ்சு தேடற மாதிரி ஒரு பாறை எங்க லைனுக்குப் பின்னாடியே இருக்கு. அந்தப் பையன் மூணு வருஷமா என் வகுப்புல உக்காந்திருந்தான், நான் ஒரு தடவ கூட அவன்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல.

அதோட முடியல. கொட்டைய மண்ணுப் பையில போட்டாச்சு, கன்னானதும் எங்க நடலாம்னு நான் பெருசா பிளான் போட்டேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாடி காலி எடம் இருக்கு, வரிசையா கூந்தப்பனை வச்சா எவ்ளோ அழகா இருக்கும்னு சொன்னேன். குட்டி தலைய ஆட்டினான், முடியவே முடியாதுன்னு. ஆனை வரும் டீச்சர், ஆனைக்கு கூந்தப்பனைன்னா உசுருன்னான். அவங்க வீட்டு அடுப்படிச் செவுத்த ரெண்டு வருஷம் முன்னாடி ஆனை ஒடச்சு அரிசியும் உப்பும் எடுத்திருக்கு, பாட்டியும் அவனும் கட்டிலுக்கு அடியில மூச்சு விடாம கெடந்திருக்காங்க. அத அவன் சொன்னப்போ, பயந்த பையன், ஆனை மேல கோவம் இருக்கும், இவன வச்சு எப்படி காட்டு வேலை பண்றதுன்னு தான் எனக்கு முதல்ல தோணுச்சு. ஆனா அவன் ஒரு குச்சிய எடுத்து ஈர மண்ணுல கோடு போட ஆரம்பிச்சான். இது ஆறு, இது வயல், இது யூகலிப்டஸ், இது நம்ம லைன். மழை முடிஞ்சதும் கூட்டம் சோலையாத்துப் பக்கமிருந்து இப்படி ஏறும், பகல்ல இந்தச் சோலையில நிக்கும், இருட்டினதும் வயல் வழியா எறங்கும், அந்த வழிய மறைச்சா தான் லைனுக்குள்ள திரும்பும். கூந்தப்பனைய ஆத்தோரம் வச்சா அதுங்க அங்கயே தின்னுட்டு அப்படியே போயிரும் டீச்சர். லைன் பக்கம் பலா கூட வேண்டாம்.

நான் பயம்னு நெனச்சதுக்குள்ள இவ்ளோ வெவரம் இருந்திருக்கு. மலை மேல 2011-ல இருந்து ஆனை நடமாட்டத்த எஸ்எம்எஸ்-ல அனுப்பறாங்க, அங்கங்க சிவப்பு லைட்டு எரியுது, எத்தனையோ பேர் உசுரு அதனால தப்பிச்சிருக்கு. அந்தத் தகவல் ஓடறதே இந்த மாதிரி லைன் ஆளுங்க போனப் போட்டு, இங்க நிக்குதுன்னு சொல்றதால தான். விழிப்புணர்வு விழிப்புணர்வுன்னு நாம மைக்ல சொல்றோமே, ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் குலைக்கற சத்தத்த வச்சே வெளிய நிக்கறது சிறுத்தையா ஆனையான்னு சொல்ற புள்ளைக்கு நான் என்ன விழிப்புணர்வு குடுக்கறது? சிறுத்தை குழந்தையத் தூக்கிட்டுப் போன சம்பவமெல்லாம் நடந்திருக்கற மலை இது. இங்க வந்து வனவிலங்கு நம்ம நண்பன்னு போஸ்டர் எழுதச் சொன்னா பசங்க எழுதுவாங்க, பரிசும் வாங்குவாங்க. ராத்திரி பாத்ரூம் போக வெளிய வர்றப்போ அந்தப் போஸ்டர் ஒண்ணுத்துக்கும் ஆகாது. பயத்த ஒளிச்சு வைன்னு சொல்லாம, அந்தப் பயத்துல உனக்கு என்னடா தெரியும்னு கேட்டா, அவங்க கிட்ட இருந்து வர்றத எழுத நோட்டு பத்தாது.

அதுக்கப்புறம் எங்க பசுமைப் படை மாறிப்போச்சு. ஊர்வலத்த விட்டுட்டோம். ஒவ்வொரு புள்ளையும் வீட்டுல இருந்து ஒரு விஷயம் கேட்டுட்டு வரணும்னு மட்டும் வச்சேன். ஜார்கண்ட் பொண்ணு அவங்க ஊர்ல சால் மரத்து விதைய எப்பப் பொறுக்குவாங்கன்னு அவங்க அம்மாகிட்ட கேட்டு வந்து சொன்னா, மழை தொடங்கறப்போ விழும், விழுந்த கையோட முளைக்கும், வச்சிருக்க முடியாதுன்னு. நான் வெடிப்பலாவுக்கு நாலு பீரியட் நடத்தின பாடத்த அவ ஒரே வரியில முடிச்சுட்டா. நர்சரியில கூந்தப்பனை நாலு மாசம் அசையவே இல்ல, பாதிப் பசங்க நம்பிக்கை விட்டாச்சு, குட்டி மட்டும் தெனமும் காலையில மணி அடிக்கறதுக்கு முன்னாடி பையத் தொட்டு ஈரம் பாத்துட்டு வருவான். அஞ்சாவது மாசம் ஒரு பையில மண்ணு லேசா விரிஞ்சு, பச்சையா ஒரு மொளை, அப்புறம் மீன் வால் மாதிரி ஒரே ஒரு இலை. அவன் யாரையும் கூப்பிடல. நான் போறப்போ அது முன்னாடி குத்தவச்சு உக்காந்திருந்தான். மொத்தம் இருபத்தி மூணு வந்துச்சு. அவன் பத்தாவது படிக்கறப்போ, ஜூன் கடைசியில மழை ஊத்த ஊத்த, ஆத்தோரம் அவன் சொன்ன எடத்துலயே நட்டோம். குழி எந்தப் பக்கம்னு அவன் தான் காட்டினான், நான் கன்னு தூக்கினேன்.

திருப்பூர் பஸ்

பிளஸ் டூ முடிச்சதும் அவன் என்கிட்ட வந்து, டீச்சர் காட்டு வேலை ஏதாவது இருக்குமான்னு கேட்டான். நான் ஒரு மாசம் அலைஞ்சேன். விசாரிச்ச எல்லா எடத்துலயும் பட்டம் கேட்டாங்க, அதுவும் வனவியலோ விலங்கியலோ, எம்எஸ்சி இருந்தா நல்லதுன்னாங்க. இல்லன்னா தன்னார்வலரா வரட்டும்னாங்க. ஒரு எடத்துல நெஜமாவே அன்பா சொன்னாங்க, நல்ல பையன், வாரக்கடைசியில வந்து உதவி பண்ணட்டும், சர்டிபிகேட் குடுக்கறோம்னு. பாட்டிக்கு பென்ஷன் இல்ல, அம்மாவுக்கு முட்டி போயாச்சு, லைன் வீடு வேலையில இருக்கற வரைக்கும் தான். அவன் அந்த சர்டிபிகேட்ட வச்சு என்ன பண்ணுவான்? வேட்டைத் தடுப்புக் காவலர் வேலைக்கும் கேட்டுப் பாத்தோம், அது தற்காலிகம், அந்த வருஷம் எடுக்கவும் இல்ல. ஜூலை மாசம் ஒரு நாள் காலையில அவன் பஸ் ஏறினான். அவன் கூட அன்னைக்கு எங்க ஸ்கூல் பசங்க இன்னும் மூணு பேரு. எங்க மலையில எஸ்டேட் ஸ்கூல்ல புள்ளைங்க எண்ணிக்கை வருஷா வருஷம் குறையுது, லைன்ல பாதி வீடு பூட்டிக் கெடக்கு. காட்டத் தெரிஞ்ச தலைமுறை கீழ எறங்கிட்டே இருக்கு, மேல நாம வெளியூர்ல இருந்து ஆளு வரவச்சு இளைஞர் முகாம் நடத்திட்டு இருக்கோம். இத எழுதறப்போ எனக்கு கோவம் வருது, மறைக்க விரும்பல.

வேற மாதிரி நடக்க முடியாதுன்னு இல்ல. எங்களுக்குப் பக்கத்துலயே நடக்குது. மளுக்கப்பாறை செக்போஸ்ட் தாண்டினா கேரளா, அந்த வழியா போற பஸ் அப்படியே காட்டுக்குள்ள எறங்கி வாழச்சால், அதிரப்பள்ளி வழியா சாலக்குடி போகும். வாழச்சால் காட்டுல காடர் பழங்குடி மக்கள் இருவாச்சிப் பறவையோட கூடுங்களக் கண்காணிக்கறாங்க. மலையாளத்துல அதுக்கு மலமுழக்கின்னு பேரு, கேரளாவோட மாநிலப் பறவை, அது பறக்கறப்போ ரெக்கை சத்தத்துல மலையே முழங்கற மாதிரி தான் இருக்கும். பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசல அடைச்சுக்கும், சின்ன இடுக்கு வழியா ஆம்பளப் பறவை மாசக்கணக்குல பழம் கொண்டு வந்து ஊட்டும், அந்த ஆம்பளைக்கு ஏதாவது ஆயிட்டா கூடே போச்சு. முன்ன குஞ்ச எடுக்க மரம் ஏறின குடும்பங்கள்ல இருந்தே இப்ப கூட்டக் காக்க ஆளு நிக்கறாங்க. எந்த மரத்துல பொந்து இருக்குன்னு தெரிஞ்ச அதே கண்ணு தான், அந்தக் கண்ணுக்கு ஒரு மதிப்பும் கூலியும் வந்திருக்கு. இங்க புதுத்தோட்டம் ரோட்டுல சிங்கவால் குரங்கு தாண்டறப்போ வண்டிய மெதுவாப் போகச் சொல்லி மழையில நின்னு கை காட்டறவங்களும் உள்ளூர் ஆளுங்க தான். 2022-ல அந்நியக் களைச்செடிகள அகத்தறதுக்கு தமிழ்நாடு அரசு தனியா ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு. உண்ணிச்செடியும் சீகையும் எத்தன வருஷத்து வேலை, எத்தன கை வேணும்! அந்தக் கை எங்க லைன்லயே இருக்கு, பிளஸ் டூ முடிச்சுட்டு பஸ் ஸ்டாண்டுல பையோட நிக்குது. பட்டம் இல்லாத புள்ளைக்கும் மாசச் சம்பளம், ஒரு அடையாள அட்டை, வருஷம் பூரா வேலைன்னு ஒரு எஸ்டேட்டுக்கு நாலு பேரு, அத்தனை தான் நான் கேக்கறது. பொள்ளாச்சி மேடையில மைக்க என்கிட்ட குடுத்தப்போ இத நான் கேட்டிருக்கணும். நன்றி மட்டும் சொல்லிட்டு எறங்கிட்டேன்.

இந்த வருஷம் மழை பிடிச்ச மூணாவது நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல குட்டி போன் பண்ணான். ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்திருக்கான், பின்னாடி நாலஞ்சு பேரு பேசற சத்தம் கேட்டுச்சு. சாப்பிட்டியாடான்னு கேட்டேன், ஆச்சுன்னான். அங்க மழை எப்படி டீச்சர், ஆத்துல தண்ணி ஏறிருச்சா, கூந்தப்பனை எவ்ளோ உயரம் இருக்குன்னு கேட்டுட்டே போனான். பெருசு ரெண்டும் என் மார் உயரம் வந்துருச்சுடா, பதினஞ்சு நல்லா இருக்குன்னு சொன்னேன். ஆனை மிதிச்சுருச்சான்னு கேட்டான். ஆமாடா, போன வாரம் ரெண்டு கன்னப் பிடுங்கிப் போட்டிருக்குன்னேன். எந்தப் பக்கத்து கன்னு டீச்சர்? லைனப் பாத்த பக்கம், வயலுக்கு மேல இருக்குமே அது ரெண்டும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துல இருந்து சத்தமே வரல, அப்புறம் மெதுவா சொன்னான்.

"அப்ப வழிய மாத்திருச்சு டீச்சர். பாட்டிகிட்டயும் மேல் லைன்லயும் இன்னைக்கே சொல்லிருங்க, அடுப்படியில அரிசி வைக்க வேண்டாம்னு."